எசமானின் வேதமும் அடிமையின் விடுதலையும்: பிரெடரிக் டக்ளஸ் சரித்திரம்

உலக சரித்திரத்தைக் கற்போர் உள்ளத்தில் ஒரு வினா எழாமல் இராது. ஒரு மக்கட்கூட்டம் மற்றொரு மக்கட்கூட்டத்தை வெல்கின்றது, நிலத்தைப் பறிக்கின்றது, மொழியை மறக்கடிக்கின்றது, சங்கிலியிட்டு வேலை வாங்குகின்றது. இவ்வளவும் செய்தவர் எத்தெய்வத்தை வணங்குகின்றனரோ, நாளடைவில் அதே தெய்வத்தின் முன் அடிமையும் மண்டியிடுகின்றான். இது ஏன்? அடிமைப் புத்தி என்று கூறி முடித்துவிடுவார் சிலர். வாளுக்கு அஞ்சி என்பார் வேறு சிலர். சோற்றுக்காக என்பாரும் உளர். இவையாவும் வெளியே நின்று பார்ப்பவர் கூறும் விடைகள். அடிமையாகப் பிறந்து, எசமானின் மதத்தைத் தாமே விரும்பித் தழுவி, அதனைப் பிரசங்கமும் செய்து, பின்னர் அதனையே குற்றக் கூண்டில் நிறுத்தி விசாரித்த ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே முறையாகும். அத்தகையவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் பெருந்தலைவராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ்.

அவருடைய சரித்திரத்தைச் சொல்லுமுன், அவர் பிறந்த சமூகத்தின் நிலையைச் சுருக்கமாகக் காண்போம். ஆப்பிரிக்காவினின்று கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டோர் ஒரே மொழியினர் அல்லர். ஒரே தெய்வத்தை வணங்கியவரும் அல்லர். பல குலத்தாரும் பல மொழியினரும் ஒன்றாகக் கலக்கப்பட்டுப் பண்ணை பண்ணையாக விற்கப்பட்டனர். பூசாரி ஓரிடம், பக்தன் ஓரிடம். தாய் ஓரிடம், பிள்ளை ஓரிடம். தென் கரோலினாவில் 1740-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசு கொட்டுவதையும் தடுத்தது. ஒரு மதம் நிலைபெறுதற்கு ஊர் வேண்டும், உறவு வேண்டும், மொழி வேண்டும். இம்மூன்றும் ஒழிந்த பின்னர், வெட்டவெளியில் நின்ற மக்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே கூரையை நோக்கி நடந்தனர். அக்கூரை எசமானுடையதாக இருந்தது.

அக்கூரையின் கீழும் எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒரு கிறிஸ்தவனை அடிமையாக வைத்திருக்கலாமா என்னும் ஐயம் அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் இருந்துவந்தது. ஞானஸ்நானம் பெற்றால் விடுதலை கிட்டும் என்று அடிமைகள் சிலர் நம்பினர். அதே காரணம் பற்றி எசமானர்கள் அஞ்சினர். 1667-ஆம் ஆண்டில் வர்ஜீனியாவின் சட்டசபை இவ்வையத்தைத் தீர்த்துவைத்தது. ஞானஸ்நானம் ஒருவனுடைய அடிமை நிலையை மாற்றாது என்று சட்டமாயிற்று. ஆன்மாவுக்கு மோட்சம், உடலுக்குச் சங்கிலி என்று பங்கு பிரிக்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென 1807-இல் இலண்டனில் அச்சிடப்பட்ட வேதப் பகுதிகளின் தொகுப்பு ஒன்றுண்டு. இஸ்ரவேல் மக்கள் எகிப்திய அடிமைத்தனத்தினின்று வெளியேறிய வரலாறு அதில் நீக்கப்பட்டிருந்தது. வேலைக்காரர் எசமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் பகுதி மட்டும் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதிலேயே அவர்களுடைய நோக்கம் விளங்கும்.

இத்தகைய உலகில், மேரிலாந்து மாகாணத்து டால்பட் வட்டத்தில், 1818-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டக்ளஸ் பிறந்தார். தாய் இட்ட பெயர் பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி. தாம் பிறந்த நாளை அவர் கடைசிவரை அறியார். அவர் பிறந்த ஆண்டும் திங்களும் எசமானின் கணக்கேட்டிலிருந்தே பிற்காலத்தாருக்குக் கிடைத்தன. தந்தை ஒரு வெள்ளையர் என்பது மட்டும் ஊரறிந்த செய்தி. தாய் ஹாரியட் பெய்லி பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்த வேறொரு பண்ணையில் வேலை செய்தார். பகலெல்லாம் வயலில் உழைத்து, இரவில் நடந்துவந்து மகனைத் தூங்கவைத்து, விடியுமுன் திரும்பிவிடுவார். சிறுவனுக்கு ஏழு வயது இருக்கும்போது அத்தாய் இறந்தார். பாட்டி பெட்சியே அவரை வளர்த்தவர்.

1826-இல் சிறுவன் பால்டிமோர் நகரத்து ஹியூ ஆல்டு என்பவர் வீட்டிற்கு அனுப்பப்பட்டான். அவ்வீட்டு அம்மையார் சோபியா ஆல்டு பைபிளை உரக்கப் படிக்கும் வழக்கமுடையவர். அதைக் கேட்ட சிறுவனுக்கு அவ்வெழுத்துகளின் மருமத்தை அறியும் ஆவல் பிறந்தது. தனக்கும் கற்பிக்குமாறு கேட்டான்; அம்மையாரும் கள்ளமின்றி எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். இதனை அறிந்த கணவர் சினந்து தடுத்தார். எழுதப் படிக்கக் கற்ற அடிமை அடிமையாக இருக்க உதவமாட்டான் என்பது அவர் கருத்து. அருகில் நின்று இதைக் கேட்ட சிறுவனுக்கு அந்த ஒரு தடையே ஆயிரம் பாடங்களுக்கு ஒப்பாயிற்று. எசமான் எதைக் கண்டு அஞ்சுகின்றாரோ அதுவே விடுதலைக்கு வழி என்று தெளிந்தான். அன்றுமுதல் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து, மாற்றாக எழுத்தைப் பெற்றான். கப்பல் கட்டும் துறையில் மரத்துண்டுகளின்மேல் தச்சர் எழுதும் அடையாள எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான்.

பதின்மூன்று வயதளவில் அவன் உள்ளம் மதத்தின்பால் திரும்பியது. எவரும் வற்புறுத்தவில்லை, எவரும் அரிசியோ துணியோ கொடுத்து அழைக்கவில்லை. பார வண்டி ஓட்டிப் பிழைத்த லாசன் என்னும் முதிய கறுப்பர் அவனுக்கு ஞானத் தந்தையாக வாய்த்தார். வண்டி ஓட்டும்போதும் செபம் செய்யும் இயல்பினர் அவர்; படிப்போ சொற்பம். சிறுவன் எழுத்தைக் கூட்டிப் படிக்க உதவினான். முதியவர் பொருளை எடுத்துரைத்தார். நீ ஒரு பெரும் பணிக்கென உரியவன் என்னும் நம்பிக்கையை அப்பிள்ளையின் உள்ளத்தில் விதைத்தவரும் அவரே. லாசன் வீட்டிற்குச் சென்றால் சவுக்கடி என்று ஹியூ ஆல்டு மிரட்டியும் சிறுவன் நிற்கவில்லை. பால்டிமோர் நகரத்துச் சாக்கடையில் கிடந்த பைபிள் தாள்களைப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் படித்ததாக அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

இங்கே சற்று நின்று நோக்குவோம். சாக்கடையிலிருந்து தாளைப் பொறுக்கியவன் எசமானைப் போல ஆக விரும்பிப் பொறுக்கினானா? அன்று. அவனுக்குக் கிடைக்கக்கூடிய எழுத்து அதுவே. அவன் கூடிப் பேசக்கூடிய கூட்டம் செபக் கூட்டம் ஒன்றே. அவனை மகனே என்று அழைத்த ஒரே பெரியவர் அம்மதத்தின் வழியாகவே வந்தார். எழுத்து, கூட்டம், பெரியோர் துணை ஆகிய மூன்றும் மனிதனுக்குச் சோற்றுக்கு அடுத்தபடி வேண்டுவன. இம்மூன்றும் எந்த வாசல் வழியாக வருகின்றனவோ, அவ்வாசலில் ஒடுக்கப்பட்டவன் நுழைவான். அது யாருடைய வாசல் என்று முதலில் கேட்கமாட்டான்.

இரண்டாவது காரணமும் ஒன்றுண்டு. அது நம்பிக்கை. எசமானும் நானும் ஒரே கடவுளை வணங்கினால், எசமான் என்னை மனிதனாக மதிப்பான் என்னும் நம்பிக்கை. டக்ளஸ் இந்நம்பிக்கையைக் கண்ணாரச் சோதித்துப் பார்த்தார்.

1833-இல் அவர் கிராமப்புறத்தில் வாழ்ந்த தாமஸ் ஆல்டு என்னும் உரிமையாளரிடம் திருப்பி அனுப்பப்பட்டார். இவர் அடிமைகளுக்கு வயிறாரச் சோறிடாதவர். அந்நாட்களில் மெதடிஸ்டு சபையார் கூடாரமடித்து நடத்திய பெருங்கூட்டம் ஒன்றிற்கு ஆல்டு சென்றார். கறுப்பருக்குப் பிரசங்க மேடையின் பின்புறம் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆல்டு மனந்திரும்பியோர் வரிசையில் முன்சென்று நின்றதை டக்ளஸ் கூர்ந்து நோக்கினார். இவர் உண்மையில் மனந்திரும்பினால் அடிமைகளை விடுவிப்பார். விடுவிக்காவிடினும் வயிற்றுக்காவது போதிய உணவு தருவார் என்று எதிர்பார்த்தார். நடந்தது வேறு. ஆல்டின் வீட்டில் காலையும் மாலையும் செபம் பெருகிற்று. போதகர்கள் வந்து தங்கி விருந்துண்டனர். அடிமைகளின் கலம் முன்போலவே காலியாக இருந்தது. கொடுமையும் முன்னிலும் மிகுந்தது. சிறுவயதில் தீயில் விழுந்து கைகள் முடமாகிப்போன டக்ளஸின் உறவுப் பெண்ணொருத்தியை ஆல்டு கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார். அடித்ததற்கு வேத வாக்கியத்தையே நியாயமாகக் காட்டினார். முன்பு தமது குணத்தால் அடித்தார்; இப்பொழுது கடவுளின் பெயரால் அடித்தார். மனச்சான்று உறுத்துவதற்கு இருந்த சிறு வழியும் அடைபட்டது.

அவ்வூரில் கறுப்பின மக்களுக்குப் படிப்புச் சொல்லித்தர ஒரு ஞாயிற்றுப் பள்ளியை டக்ளஸ் தொடங்கினார். நல்லெண்ணமுடைய வெள்ளை இளைஞர் ஒருவர் துணைநின்றார். கையிலிருந்தவை பழைய எழுத்துப் புத்தகங்களும் சில புதிய ஏற்பாடுகளுமே. இரண்டாவது கூட்டத்திலேயே தடிகளுடன் ஒரு கும்பல் புகுந்து கலைத்தது. வந்தவர் கள்ளரோ குடிகாரரோ அல்லர். அவ்வூர் மெதடிஸ்டு சபையின் வகுப்புத் தலைவர்களும் தாமஸ் ஆல்டுமே வந்தனர். வேதத்தைக் கேட்பதற்கு அடிமைக்கு அனுமதியுண்டு, படிப்பதற்கு இல்லை. கேட்பவன் சொன்னதை மட்டும் அறிவான். படிப்பவன் சொல்லாமல் விட்டதையும் அறிவான். 1831-இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமைப் பிரசங்கியார் தலைமையில் எழுந்த கலகத்திற்குப் பின் இவ்வச்சம் தென்னாட்டு மாகாணங்கள் பலவற்றில் சட்டமாகவே வளர்ந்திருந்தது.

1834-ஆம் ஆண்டு முதல் நாள், டக்ளஸ் எட்வர்டு கோவி என்னும் குத்தகை விவசாயியிடம் ஓராண்டுக்கு ஒப்படைக்கப்பட்டார். அடங்காத அடிமைகளை அடக்கித் தருவதில் கோவி பெயர்பெற்றவர். அதனால் பிறர் அடிமைகளின் உழைப்பு அவருக்கு மலிவாகக் கிடைத்தது. அவரும் பக்திமான், காலையும் மாலையும் குடும்பச் செபம் தவறாதவர். பாட்டு நன்றாக வராமையால் டக்ளஸையே பாடத் தொடங்குமாறு ஏவுவார். ஆறு திங்கள் ஓயாத சவுக்கடி. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் கோதுமை தூற்றும்போது டக்ளஸ் மயங்கி விழுந்தார். விழுந்தவரையும் உதைத்துத் தலையில் அடித்தார் கோவி. இரத்தம் ஒழுக ஆல்டிடம் ஓடி முறையிட்டும் பயனில்லை. திரும்பி வந்த நாள் ஞாயிறு. கோயிலுக்குப் புறப்பட்ட கோவி அன்று முகமலர்ந்து பேசினார். மறுநாள் திங்கட்கிழமை கயிற்றோடு பாய்ந்தார். டக்ளஸ் இம்முறை குனியவில்லை, எதிர்த்துப் பிடித்தார். இருவரும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினர். அதன்பின் கோவி அவர்மேல் கைவைக்கவேயில்லை. அன்றே தாம் உள்ளத்தால் அடிமை நிலை நீங்கியதாக டக்ளஸ் கருதினார்.

அடுத்த ஆண்டு அவர் சென்றது பிரீலாந்து என்பவரிடம். இவர் பக்தியென்று எதையும் பறைசாற்றாதவர். தமக்கு வாய்த்த எசமானருள் இவரே நல்லவர் என்பது டக்ளஸின் தீர்ப்பு. இங்கே அவர் மறைவாக நடத்திய ஞாயிற்றுப் பள்ளியில் ஒரு காலத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் பயின்றனர். அகப்பட்டால் சவுக்கடி என்பது தெரிந்தே வந்தவர்கள் அவர்கள். 1836-இல் தப்பியோட வகுத்த திட்டம் வெளிப்பட்டுச் சிறை சென்றார். பின்னர் மீண்டும் பால்டிமோருக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே கப்பற்பலகைகளின் இடுக்கடைக்கும் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். நாளொன்றுக்கு ஒன்றரை டாலர்வரை சம்பாதித்து, வாரம்தோறும் அத்தனையையும் ஹியூ ஆல்டின் கையில் வைத்தார். வாரக் கூலியை எண்ணி வாங்கிக் கடன்காரனிடம் எண்ணிக் கொடுத்தவர்கட்கு அவ்வேதனை ஒருவாறு விளங்கும். டக்ளஸுக்கோ கடனுமில்லை, கொடுக்கவேண்டிய நியாயமுமில்லை. 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், கப்பலோட்டியைப் போல உடுத்து, இரவல் பத்திரத்துடன் இரயிலேறி வடநாட்டிற்குத் தப்பினார். சுதந்தரப் பெண்ணாகிய அன்னா மரே அவருக்குத் துணைபுரிந்தார். நியூயார்க்கில் இருவரும் மணந்துகொண்டனர். நியூ பெட்போர்டு நகரத்தில் குடியேறியபோது டக்ளஸ் என்னும் புதுப் பெயர் பூண்டார்.

வடநாட்டில் அடிமைத்தனம் இல்லை. ஆதலின் அங்குள்ள சபையாவது மெய்யான சபையாக இருக்கும் என்று நம்பி, எல்ம் தெரு மெதடிஸ்டு கோயிலில் சேர்ந்தார். கறுப்பருக்குத் தனியிருக்கை. மதத்தில் சேராத வெள்ளையர் மனம் கோணாமலிருக்கவே இந்த ஏற்பாடு, உறுப்பினர் மட்டும் கூடும்போது பேதம் மறையும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். இராப்போசனத் திருவிருந்து நாள் வந்தது. வெளியார் சென்றுவிட்டனர். போதகர் வெள்ளையர் அனைவருக்கும் அப்பமும் இரசமும் பரிமாறி முடித்தார். பின்பு மூலையில் நின்ற கறுப்பரை நோக்கி, கடவுளிடத்தில் பேதமில்லை என்று சொல்லிக்கொண்டே அருகே அழைத்தார். டக்ளஸ் வெளியேறினார்; மீண்டும் அக்கோயிலில் கால்வைக்கவில்லை.

ஆயினும் அவர் அன்றே மதத்தை விட்டாரில்லை. கறுப்பின மக்கள் தாமே கட்டி நடத்திய ஆப்பிரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோபல் சீயோன் சபையில் சேர்ந்து, 1839-இல் பிரசங்கம் செய்ய உரிமம் பெற்றார். அவருக்கு முன்னரே பிலடெல்பியாவில் ரிச்சர்டு ஆலன் என்னும் விடுதலை பெற்ற அடிமை, வெள்ளையர் கோயிலில் நேர்ந்த அவமதிப்பின் காரணமாக வெளியேறி, 1816-இல் கறுப்பருக்கெனத் தனிச் சபை ஒன்றை நிறுவியிருந்தார். வேதம் எசமானிடமிருந்து வந்ததே. ஆனால் கட்டடம் தம்முடையது, மேடை தம்முடையது, உண்டியல் தம்முடையது, இருக்கையில் மேல் கீழ் இல்லை. சபை நிருவாகம், பொதுப் பேச்சு, கணக்கு வழக்கு ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் பயின்ற பள்ளிகள் இவையே.

1841-இல் நாண்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் பேசிய பின் டக்ளஸின் புகழ் பரவிற்று. 1845-இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். அதன் பிற்சேர்க்கையில், தாம் தாக்குவது கிறிஸ்துவின் மதத்தையன்று, தொட்டிலைக் கொள்ளையிட்டுப் பெண்களைச் சவுக்கால் அடிக்கும் அந்நாட்டு மதத்தையே என்று தெளிவுபடுத்தினார். ஒன்றை நல்லதென்று ஏற்பவன் மற்றதைத் தீயதென்று தள்ளியாகவேண்டும் என்பது அவர் கொள்கை. பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தபோது, அமெரிக்க அடிமை மாகாணங்களில் ஏறத்தாழ மூவாயிரம் பவுன் நன்கொடை பெற்ற ஸ்காட்லாந்து சுதந்தரத் திருச்சபையை 1846-இல் எதிர்த்துப் பணத்தைத் திருப்பியனுப்புமாறு ஊர் ஊராக முழங்கினார். சபை பணத்தைத் திருப்பவில்லை. அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் அன்பர்கள் 150 பவுன் திரட்டி ஹியூ ஆல்டிடமிருந்து அவருக்குச் சட்டப்படி விடுதலை வாங்கித்தந்தனர். 1847-இல் ராச்செஸ்டர் நகரத்தில் வட விண்மீன் என்னும் பொருளுடைய பெயரில் பத்திரிகை தொடங்கினார்.

இதற்கிடையில் அமெரிக்கச் சபைகளே அடிமைப் பிரச்சினையால் உடைந்தன. 1844-இல் மெதடிஸ்டுகளும் 1845-இல் பாப்டிஸ்டுகளும் வடக்கு தெற்கு எனப் பிரிந்தனர். 1861-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் டக்ளஸ் கறுப்பின வீரர்களைத் திரட்டினார். தம் புதல்வருள் இருவரைப் படைக்கு அனுப்பினார். 1865-இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1870-இல் பிலடெல்பியாவில் பேசுகையில், விடுதலைக்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் சடங்கை விடுத்து, அதற்காக உழைத்த மனிதர்க்கே நன்றி கூறினார். இதற்காகக் கறுப்பினப் போதகர்களே அவரைக் கண்டித்தனர். அவர் தம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

1877-இல் தாமஸ் ஆல்டு மரணப்படுக்கையில் இருந்தபோது, டக்ளஸ் அவரைச் சென்று கண்டார். அப்போது டக்ளஸ் தலைநகர் வாஷிங்டனில் அரசின் உயர் பதவியாளர். முதியவர் கண்ணீர் விட்டார். டக்ளஸ் அவர் கையைப் பற்றிப் பகைமையின்றிப் பேசி விடைபெற்றார். கூடாரக் கூட்டம் செய்யாததை, நாற்பது ஆண்டுப் போராட்டத்தில் நிமிர்ந்த அடிமையின் முன்னிலை செய்தது. 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் டக்ளஸ் மறைந்தார். கறுப்பின மக்களின் சபைக் கோயிலிலேயே அவருக்கு இறுதி வழிபாடு நடைபெற்றது.

அன்பர்களே, இச்சரித்திரம் நமது வினாவுக்குத் தரும் விடை யாது? ஒடுக்கப்பட்டோர் ஆளுவோரின் மதத்தைத் தழுவுவது ஆளுவோர்மீது கொண்ட அன்பினால் அன்று. எழுத்தும் கூட்டமும் மானமும் வேறெங்கும் கிடைக்காமையால் அங்கே தேடுகின்றனர். ஆளுவோனையே அவன் வேதத்தைக் கொண்டு கேள்வி கேட்கலாம் என்பதாலும் தேடுகின்றனர். இதற்காக அவர்களை இகழ்தல் அறியாமை. ஆனால் ஒரே மதத்தில் சேர்ந்ததனாலேயே எசமான் இளகுவான் என்று காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 1667-ஆம் ஆண்டுச் சட்டமும், ஆல்டின் சவுக்கும், நியூ பெட்போர்டுத் திருவிருந்தும் மூன்று முறை அதனை மெய்ப்பித்தன.

நமது நாட்டு மகாத்மா சோதிராவ் பூலே, 1873-இல் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அங்கே சங்கிலி, இங்கே சாதி. நோய் ஒன்றே என்று அவர் கண்டார். ஆகவே டக்ளஸ் கற்ற பாடம் நமக்கும் உரியது. எம்மதமாயினும் அதன் வாசலில் நின்று மூன்று வினாக்களைக் கேட்போமாக. நாமே படிக்க இங்கு உரிமை உண்டா? பந்தியில் முன்னும் பின்னும் உண்டா? இங்கு வந்தபின் நம் முதுகு நிமிர்ந்ததா, வளைந்ததா? நம் பிள்ளைகள் நம்மைக் கேட்குமுன், நாமே இவற்றைக் கேட்டு விடை கண்டிருத்தல் நலம்.